ஜோஹோ குறைக்கடத்தித் திட்டம்

ஜோஹோ குறைக்கடத்தித் திட்டம் என்பது, தமிழ்நாட்டைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, இந்திய நடுவண் அரசின் மானியத்துடன் கூட்டுக் குறைக்கடத்திச் சில்லுகளை உற்பத்தி செய்வதற்காக 2024 ஆம் ஆண்டில் முன்வைத்து, 2025 மே மாதத்தில் நிறுத்திவைத்த தொழில்திட்டம் ஆகும். இதன் முதலீடு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர் எனச் செய்திகளில் குறிப்பிடப்பட்டது. தென்காசி மாவட்டத்தில் குற்றாலத்திற்கு அருகிலுள்ள மத்தளம்பாறை சிற்றூரில் ஜோஹோவின் முக்கிய வளாகங்களுள் ஒன்று உள்ளது. நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு இப்பகுதியிலிருந்தே பணியாற்றி வருகிறார்.

இந்தியாவில் சில்லு ஆலைகளுக்குத் திட்டச் செலவில் பாதி வரை நடுவண் அரசு மானியம் தரும் காலத்தில் இத்திட்டம் முன்வைக்கப்பட்டது. ஆயினும், தொழில்நுட்ப வழியில் போதிய உறுதி ஏற்படாத நிலையில் வரி செலுத்துவோரின் பணத்தைப் பெறுவதில்லை என்னும் காரணத்தைக் கூறி நிறுவனம் இதிலிருந்து விலகியது. செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான வன்பொருளின் பன்னாட்டு வழங்கல் சங்கிலியை அரசு மானியத்தின் மூலம் பாதுகாக்க முயலும் கொள்கை, எதைச் சாதிக்க இயலும், எதைச் சாதிக்க இயலாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது.

பின்னணி

ஜோஹோ 1996 ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்றது. வெளி முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டாமல், தன் வருவாயைக் கொண்டே வளர்ந்த நிறுவனம் இது. 2011 ஆம் ஆண்டில் மத்தளம்பாறையில் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. அப்போது இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாக ஆக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து திரும்பி இப்பகுதியில் குடியேறினார். 2021 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. 2025 சனவரியில் அவர் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து விலகி, தலைமை அறிவியலாளர் பொறுப்பை ஏற்றார்.

மென்பொருள் எழுதுவதற்குக் கணினி, மின்சாரம், இணைய இணைப்பு, பயிற்சி பெற்ற மாந்தர் ஆகியவை போதுமானவை. மலையடிவாரச் சிற்றூரிலிருந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் விற்க முடிந்ததற்கு இதுவே காரணம். செயற்கை நுண்ணறிவு இந்நிலையை மாற்றியது. பெரிய மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான வரைகலைச் செயலிகள் (ஜிபியு) தேவைப்படுகின்றன. இவற்றை வடிவமைக்கும் நிறுவனங்களும் உற்பத்தி செய்யும் ஆலைகளும் மிகச் சிலவே. என்விடியா நிறுவனத்தின் தொழில்நுட்பத்திற்கு ஓராண்டில் 1 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுள்ளதாகவும், அடுத்த ஆண்டில் மேலும் 1 கோடி டாலர் செலவிட இருப்பதாகவும் ஜோஹோ 2024 அக்டோபரில் அறிவித்தது.

செயற்கை நுண்ணறிவின் வழங்கல் சங்கிலி

ஒரு பொருளின் மூலப்பொருள் முதல் பயனர் கையை அடையும் நிலை வரை உள்ள கட்டங்களின் தொடர் வழங்கல் சங்கிலி எனப்படும். செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை இச்சங்கிலியின் முக்கிய கட்டங்கள் பின்வருமாறு:

1. கனிமங்களும் வேதிப்பொருள்களும்: சிலிக்கான், காலியம், செருமானியம், அருமண் தனிமங்கள், மிகத்தூய வளிமங்கள்.
2. வடிவமைப்பு: என்விடியா, ஏஎம்டி முதலிய நிறுவனங்கள் சில்லுகளை வடிவமைக்கின்றன. இதற்கான மென்பொருள்களில் பெரும்பங்கு அமெரிக்க நிறுவனங்களுடையது.
3. உற்பத்திக் கருவிகள்: புறஊதாக் கதிர்களின் மிகக்குறுகிய அலைநீளத்தைப் பயன்படுத்திச் சில்லில் வடிவம் பதிக்கும் கருவியை உலகில் ஒரே நிறுவனம் மட்டுமே செய்கிறது. அது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஆகும்.
4. சில்லு ஆலை: மிக முன்னேறிய செயலிகளில் பெரும்பாலானவை தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில் உருவாகின்றன.
5. நினைவகம்: உயர் அலைக்கற்றை நினைவகத்தைத் தென்கொரியாவின் எஸ்கே ஐனிக்சு, சாம்சங், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே பேரளவில் வழங்குகின்றன.
6. பொதியிடலும் சோதனையும்.
7. தரவு மையம்: வழங்கிகள், மின்மாற்று அமைப்புகள், குளிரூட்டிகள்.
8. மாதிரிகளும் பயன்பாட்டு மென்பொருளும்.

ஜோஹோ போன்ற நிறுவனங்கள் இத்தொடரின் கடைசிக் கட்டத்தில் உள்ளன. முந்தைய கட்டங்களில் எது தடைப்பட்டாலும் கடைசிக் கட்டம் பாதிக்கப்படும். 2025 சனவரியில் அமெரிக்கா அறிவித்த ஏற்றுமதி விதி, உயர்திறன் செயலிகளைத் தடையின்றிப் பெறக்கூடிய 18 நட்பு நாடுகளைப் பட்டியலிட்டது. இந்தியா அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அவ்விதி 2025 மே மாதத்தில் கைவிடப்பட்டது. மற்றொரு பக்கம், காலியம், செருமானியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா 2023 ஆகத்து முதல் உரிமக் கட்டுப்பாடு விதித்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கான ஏற்றுமதியைத் தடை செய்த சீனா, 2025 நவம்பரில் அத்தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

கூட்டுக் குறைக்கடத்திகள்

சிலிக்கான் என்னும் ஒரே தனிமத்தால் அமையாமல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களின் சேர்மத்தால் ஆன குறைக்கடத்தி கூட்டுக் குறைக்கடத்தி எனப்படும். சிலிக்கான் கார்பைடு, காலியம் நைட்ரைடு ஆகியன இவ்வகையின. இவை உயர் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கவல்லவை. மின்னாற்றலைக் குறைந்த இழப்புடன் மாற்றுவதால் மின்சார ஊர்திகள், சூரிய மின் அமைப்புகள், தரவு மையங்களின் மின்வழங்கிகள் ஆகியவற்றில் பயன்படுகின்றன.

செயற்கை நுண்ணறிவுக் கணிப்பைச் செய்யும் செயலிகள் சிலிக்கானால் ஆனவை. எனவே ஜோஹோ முன்வைத்த ஆலை என்விடியாவின் செயலிகளுக்கு மாற்றினை உருவாக்கக்கூடியது அன்று. அது அச்செயலிகளுக்கு மின்சாரம் வழங்கும் பகுதிக்குரிய சில்லுவகையைச் சார்ந்தது. இவ்வகை ஆலைக்கு மிக நுண்ணிய வடிவப்பதிவு தேவையில்லை. ஆகவே முதலீடும் குறைவு. ஆயினும் படிகம் வளர்த்தல், குறைபாடுகளைக் கட்டுப்படுத்துதல், விளைதிறனை உயர்த்துதல் ஆகியவற்றில் பல்லாண்டுப் பட்டறிவு தேவைப்படுகிறது.

அரசு மானியத் திட்டங்கள்

பிற நாடுகள்

2022 ஆகத்து 9 அன்று நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சில்லுச் சட்டம், உள்நாட்டு உற்பத்தி ஊக்கத்திற்கு 3,900 கோடி டாலரை ஒதுக்கியது. இதன்கீழ் அரிசோனாவில் ஆலை அமைக்கும் டிஎஸ்எம்சிக்கு 660 கோடி டாலர் வரையிலான மானியம் 2024 நவம்பரில் உறுதி செய்யப்பட்டது. 2025 ஆகத்தில் இன்டெல் நிறுவனத்திற்குரிய மானியத்தை அந்நிறுவனத்தின் ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் பங்காக அமெரிக்க அரசு மாற்றிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சில்லுச் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்கச் சட்டத்தின் ஒரு பிரிவு வெளிநாடுகளிலுள்ள வழங்கல் சங்கிலிக்கே உரியது. பன்னாட்டுத் தொழில்நுட்பப் பாதுகாப்பு மற்றும் புத்தாக்க நிதியம் எனப்படும் இதற்கு, ஆண்டுக்கு 10 கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இதன்கீழ் இந்தியக் குறைக்கடத்தி இயக்கத்துடன் இணைந்து செயற்பட இருப்பதாக அமெரிக்க வெளியுறவுத் துறை 2024 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவின் தொழிற்சூழல், சட்ட ஒழுங்கு, தொழிலாளர் திறன், உட்கட்டமைப்பு ஆகியவற்றை மதிப்பிடுவது முதற்கட்டப் பணியாகக் கூறப்பட்டது.

நடுவண் அரசு

இந்திய அமைச்சரவை டிசம்பர் 15, 2021 அன்று 76,000 கோடி ரூபாய் மதிப்பிலான குறைக்கடத்தி ஊக்கத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இதனைச் செயற்படுத்த இந்தியக் குறைக்கடத்தி இயக்கம் அமைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, சில்லு ஆலைகளுக்கும் கூட்டுக் குறைக்கடத்தி ஆலைகளுக்கும் பொதியிடல் ஆலைகளுக்கும் 50 விழுக்காடு நிதியுதவி வழங்கப்படுகிறது. நிறுவனம் தன் பங்கினைச் செலவிடும் அளவுக்கேற்ப அரசின் பங்கும் இணையாக விடுவிக்கப்படுகிறது. எனவே திட்டம் இடையில் தோல்வியுற்றால், அதுவரை செலவான தொகையில் பொதுமக்கள் பணமும் சேர்ந்தே இழக்கப்படும்.

வடிவமைப்பு நிறுவனங்களுக்கு வேறொரு திட்டம் உள்ளது. தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை, விண்ணப்பம் ஒன்றுக்கு 15 கோடி ரூபாய்க்கு மிகாமல், இதன்கீழ் வழங்கப்படுகிறது. இதனைப் பெற்ற நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்க்கப்பட்ட மைண்ட்குரோவ் ஒன்றாகும்.

கணிப்பு வளத்திற்காக இந்தியா செயற்கை நுண்ணறிவு இயக்கம் 2024 மார்ச் 7 அன்று ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்றது. புதுத்தொழில் நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் சலுகைக் கட்டணத்தில் வரைகலைச் செயலிகளைப் பயன்படுத்த இது வழிசெய்கிறது. 2025 இறுதிக்குள் 38,000 செயலிகள் இதன்கீழ் இணைக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. இவை வெளிநாட்டு நிறுவனங்கள் வடிவமைத்த செயலிகளே. எனவே இம்மானியம் பயன்பாட்டுச் செலவைக் குறைக்கிறதே அன்றி, இறக்குமதிச் சார்பைக் குறைப்பதில்லை.

மின்னணு உதிரிப்பாகங்களுக்கு 22,919 கோடி ரூபாய்த் திட்டம் 2025 மார்ச்சிலும், அருமண் நிலைக்காந்தங்களுக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் 2025 நவம்பரிலும் ஒப்புதல் பெற்றன.

தமிழ்நாடு அரசு

தமிழ்நாடு அரசு 2024 சனவரியில் குறைக்கடத்தி மற்றும் உயர் மின்னணுவியல் கொள்கையை வெளியிட்டது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் 500 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு குறைக்கடத்தி இயக்கம் 2030 அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்பிரலில், நடுவண் அரசின் உதிரிப்பாகத் திட்டத்தில் மானியம் பெறும் நிறுவனங்களுக்கு அதற்கு இணையான தொகையை மாநிலமும் தரும் திட்டம் தொடங்கப்பட்டது.

திட்டத்தின் வரலாறு

2024 மார்ச்சில் தமிழ்நாட்டில் சில்லு வடிவமைப்புத் திட்டம் ஒன்றை மேற்கொள்ள இருப்பதாக ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அவ்வாண்டு மே மாதத்தில், 70 கோடி டாலர் மதிப்பில் சில்லு உற்பத்தியில் இறங்க ஜோஹோ திட்டமிட்டு நடுவண் அரசின் ஊக்கத்தொகையைக் கோரியுள்ளதாகச் செய்திகள் வெளியாயின. 50 விழுக்காடு என்னும் விகிதப்படி கணக்கிட்டால், இதில் நடுவண் அரசின் பங்கு 35 கோடி டாலர் வரை இருந்திருக்கக்கூடும்.

2024 டிசம்பரில், ஜோஹோவுடன் தொடர்புடைய சிலெக்ட்ரிக் செமிகண்டக்டர் மேனுபேக்சரிங் என்னும் நிறுவனம் மைசூரு அருகே கோச்சனகள்ளித் தொழிற்பேட்டையில் ஆலை அமைப்பதற்குக் கர்நாடக அரசின் ஒப்புதலைப் பெற்றது. அதன் மதிப்பு ஏறத்தாழ 3,426 கோடி ரூபாய் ஆகும். மாநில அரசின் இவ்வொப்புதல் நடுவண் அரசின் மானிய ஒப்புதலிலிருந்து வேறானது. பின்னது வழங்கப்படுவதற்கு முன்னரே திட்டம் நிறுத்தப்பட்டது.

நிறுத்தமும் காரணங்களும்

ஆலையின் சிக்கல்களில் வழிகாட்டக்கூடிய பொருத்தமான தொழில்நுட்பப் பங்காளி கிடைக்காததால் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டதாக 2025 மே மாதத் தொடக்கத்தில் செய்தி வெளியானது. இதனை ஸ்ரீதர் வேம்பு தம் சமூக ஊடகப் பக்கத்தில் உறுதி செய்தார். சில்லு உற்பத்தி மிகுந்த மூலதனம் தேவைப்படும் தொழில் என்பதால் அரசின் ஆதரவு இன்றியமையாதது என்றும், மக்களின் வரிப்பணத்தைப் பெறுவதற்கு முன் தொழில்நுட்ப வழியைப் பற்றி முழு உறுதி தேவை என்றும், அவ்வுறுதி ஏற்படாததால் இயக்குநர் குழு இவ்வெண்ணத்தைத் தற்போதைக்கு ஒத்திவைத்தது என்றும் அவர் விளக்கினார்.

இந்தியாவில் இத்தகைய நிகழ்வு இது முதன்முறை அன்று. 2022 பிப்ரவரியில் நடுவண் அரசுக்குச் சில்லு ஆலை அமைக்க மூன்று விண்ணப்பங்கள் வந்தன. அவற்றை அளித்தவை வேதாந்தா-பாக்சுகான் கூட்டு நிறுவனம், ஐஎஸ்எம்சி, சிங்கப்பூரின் ஐஜிஎஸ்எஸ் வெஞ்சர்சு ஆகியன. ஐஜிஎஸ்எஸ் வெஞ்சர்சு 2022 சூலையில் தமிழ்நாடு அரசுடன் 25,600 கோடி ரூபாய் மதிப்பிலான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மூன்றில் எதுவும் ஆலையாக உருப்பெறவில்லை. வேதாந்தாவுடனான கூட்டிலிருந்து பாக்சுகான் 2023 சூலையில் விலகியது.

மானியம் பெற்ற திட்டங்களுடன் ஒப்பீடு

2025 ஆகத்து வரை இந்தியக் குறைக்கடத்தி இயக்கத்தின்கீழ் 6 மாநிலங்களில் 10 திட்டங்கள் ஒப்புதல் பெற்றன. இவற்றின் மொத்த முதலீடு ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி ரூபாய். அவற்றுட் சில:

* மைக்ரான், சானந்து, குசராத்து (2023 சூன்): 22,516 கோடி ரூபாய். நினைவகப் பொதியிடல். நடுவண் அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் உதவி.
* டாட்டா எலக்ட்ரானிக்சு, தொலேரா, குசராத்து (2024 பிப்ரவரி): 91,000 கோடி ரூபாய். தொழில்நுட்பப் பங்காளி தைவானின் பிஎஸ்எம்சி.
* சிஜி பவர், சானந்து, குசராத்து (2024 பிப்ரவரி): 7,600 கோடி ரூபாய். பங்காளிகள் சப்பானின் ரெனேசாசு, தாய்லாந்தின் இசுடார்சு.
* எச்சிஎல்-பாக்சுகான், சேவர், உத்தரப் பிரதேசம் (2025 மே): 3,706 கோடி ரூபாய்.
* சிக்செம், ஒடிசா (2025 ஆகத்து): 2,066 கோடி ரூபாய். சிலிக்கான் கார்பைடு ஆலை. பங்காளி பிரித்தானியாவின் கிளாசு-சிக்.

இப்பட்டியலில் கடைசியாக உள்ள திட்டம் குறிப்பிடத்தக்கது. ஜோஹோ விலகிய மூன்று மாதங்களில், அதே கூட்டுக் குறைக்கடத்தித் துறையில், வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பங்காளியுடன் வந்த வேறொரு நிறுவனம் ஒப்புதல் பெற்றது. மானிய விகிதம் இரு நிறுவனங்களுக்கும் ஒன்றே. ஒன்றிடம் பங்காளி இருந்தது, மற்றொன்றிடம் இல்லை.

தமிழ்நாடு இப்பத்துத் திட்டங்களில் இடம்பெறவில்லை. எனினும் மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் இந்திய மாநிலங்களுள் முதலிடம் வகிக்கிறது. 2024-25 இல் இம்மாநில ஏற்றுமதி 1,465 கோடி டாலர். மறைமலைநகரிலுள்ள இசுபெல் செமிகண்டக்டர் 1984 இல் நிறுவப்பட்ட சில்லுப் பொதியிடல் நிறுவனம் ஆகும்.

இடமும் இயற்கை வளமும்

ஜோஹோவுடன் தொடர்புடைய நிறுவனம் ஆலைக்கு ஒப்புதல் பெற்ற இடம் மைசூரு, தென்காசி அன்று. வடிவமைப்புப் பணிக்கும் உற்பத்திக்கும் தேவைப்படும் வளங்கள் வெவ்வேறானவை. சில்லு ஆலைக்கு ஆண்டு முழுவதும் மிகத்தூய நீர், நொடியும் தடைப்படாத மின்சாரம், சிறப்பு வளிமங்களின் தொடர்ச்சியான வழங்கல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை வேண்டும்.

குற்றாலம் அருவிகளும் அவற்றின் நீரைக் கொண்டு ஓடும் சிற்றாறும் பருவமழையைச் சார்ந்தவை. சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் அருவிகளில் நீர் பெருகும், கோடையில் வற்றும். சிற்றாறு தாமிரபரணியில் கலக்கும் முன் தென்காசி வட்டாரத்தின் வேளாண்மைக்குப் பயன்படுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றால் இம்மாவட்டத்தில் காற்றாலை மின்னுற்பத்தி நடைபெறுகிறது. ஆனால் இதுவும் பருவத்துக்குப் பருவம் மாறுபடும். வடிவமைப்பு, மென்பொருள், சோதனை ஆகியவற்றிற்கு இக்கட்டுப்பாடுகள் தடையாக இருப்பதில்லை. ஆகவே வழங்கல் சங்கிலியில் தென்காசி போன்ற பகுதிகள் எளிதில் பங்கேற்கக்கூடிய கட்டம் வடிவமைப்பே ஆகும்.

பிந்தைய நிகழ்வுகள்

2025 சூலையில் ஜோஹோ சியா என்னும் பெயரில் தன் சொந்த மொழி மாதிரிகளை வெளியிட்டது. இவை 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்களைக் கொண்ட மூன்று மாதிரிகள் ஆகும். மிகப்பெரிய மாதிரிகளை விடச் சிறிய இவை குறைந்த கணிப்பு வளத்தில் இயங்கக்கூடியவை. ஆயினும் இவற்றைப் பயிற்றுவிக்க என்விடியாவின் தொழில்நுட்பமே பயன்பட்டது. சங்கிலியின் கடைசிக் கட்டத்தில் தற்சார்பு கூடியபோதிலும், முந்தைய கட்டங்களில் இறக்குமதிச் சார்பு தொடர்ந்தது.

2025 சூலையில் நடுவண் அமைச்சரவை ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம் ஆகியவற்றிற்கு 1 லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. இது பெரும்பாலும் குறைந்த வட்டியிலான நீண்டகாலக் கடனாக வழங்கப்படுவது. ஆலை மானியத்திலிருந்து வேறுபட்டது. 2026-27 வரவுசெலவுத் திட்டத்தில் குறைக்கடத்தி இயக்கத்தின் இரண்டாம் கட்டமும், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் அருமண் தனிம வழித்தடங்களும் அறிவிக்கப்பட்டன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரைக் கனிம மணலைப் பிரித்தெடுக்கும் பொதுத்துறை ஆலை ஏற்கெனவே இயங்கி வருகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* தென்காசி மாவட்டம்
* குற்றாலம்
* மத்தளம்பாறை
* ஸ்ரீதர் வேம்பு
* குறைக்கடத்தி
* இந்தியக் குறைக்கடத்தி இயக்கம்
* செயற்கை நுண்ணறிவு
* வழங்கல் சங்கிலி